இரண்டு வெள்ளை வான்களும் பதினொரு நாட்களும்

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். வாகன இறக்குமதியை மறுபடி திறந்துவிட்டார்கள் அல்லவா, புத்தளத்தில் மூடிக் கிடந்த வாகன விற்பனை நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டுத் திறக்கின்றன. அதிலொன்றில் ஆவணப் பகுதியில் இவர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. "நிஸார் நானா, அந்தக் காலத்துல சேசி நம்பரைப் பென்சிலால தேய்ச்சா எடுத்தீங்க?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் வேலை முடிந்தது.

சிரிக்கட்டும். நானும் அந்த வயதில் எனக்கு முந்தியவர்களைப் பார்த்துச் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பின் பலனை நான் மட்டும் அனுபவித்திருந்தால் பரவாயில்லை, இன்னொரு வீட்டுப் பிள்ளையும் அனுபவித்தான். அவர்கள் போனபிறகு அதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தொழில் பழகியது கொழும்பு பஞ்சிகாவத்தையில். பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் பில் எழுதினேன், பிறகு வாகனத் தரகர் ஒருவரிடம் கடிதம் எழுதினேன், பிறகு ஒரு விற்பனை நிலையத்தில் பெரிய கிளாக்கரின் கீழ் ஒன்பது வருடம் இருந்தேன். அவ்வளவுதான், அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெரிய கிளாக்கர் ஒரு கண்டிப்பான மனிதர். வாகனத்தை வாங்குபவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் சேசி நம்பரை எடுக்க வேண்டும், வாங்குபவரே டோர்ச் பிடிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். வெயிலோ மழையோ, அவரே கீழே படுப்பார். நாங்கள் மேசைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொள்வோம்.

சேசி நம்பர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம்பர் பிளேட்டை யாரும் கழற்றலாம், மாட்டலாம். சேசி நம்பர் அப்படியல்ல, தொழிற்சாலையிலேயே வண்டியின் இரும்புச் சட்டத்தில் வெட்டி விடுவது. வண்டியின் உண்மையான பெயர் அதுதான். அந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். மெல்லிய தாளை இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டும். மென்மையான பென்சிலைச் சரித்துப் பிடித்து ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். தாள் அரை நூல் நகர்ந்தால் எட்டு மூன்றாகிவிடும். அப்படி மூன்று பிரதி எடுப்போம். ஒன்று பதிவுக்கு, ஒன்று வண்டிக்குக் கடன் கொடுக்கும் லீசிங் கம்பனிக்கு, ஒன்று காப்புறுதிக்கு. என் கையில் தாள் நகர்ந்ததே கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும் ஊருக்கு வந்துவிட்டேன். அப்போது புத்தளத்தில் வான் கேட்காத ஆளில்லை. தொண்ணூறாம் ஆண்டில் யுத்தத்தின்போது மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் துரத்தப்பட்டு வந்து இங்கேயே இருபது வருடம் கழித்த முஸ்லிம் சனம், தங்கள் காணியைப் பார்க்க, கிணற்றைப் பார்க்க, இடிந்த பள்ளிவாசலைப் பார்க்க என்று போய் வந்துகொண்டிருந்தார்கள். கண்டக்குழிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். மீன் ஏற்றவும் வான், ஆள் ஏற்றவும் வான். கொழும்பு ரோட்டில் ஒரு ஹாஜியார் புதிதாகச் சேல் போட்டார். எங்கள் பக்கத்தில் வாகன விற்பனை நிலையத்தைச் சேல் என்றுதான் சொல்வோம். அவரிடம் ஆவணப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன்.

ஹாஜியாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முறைப்பாட்டோடு ஒருவர் வாசலில் ஏறினால், கதிரையை விட்டு எழுந்து இரண்டு எட்டு முன்னால் வந்து ஸலாம் சொல்லுவார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் மேசைக்கு முன்னால் அல்ல, பக்கத்தில் இருத்துவார். தேத்தண்ணி சொல்லுவார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், உம்மாவுக்கு முழங்கால் நோ எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். வந்தவர் பாதித் தேத்தண்ணி குடிக்கும்வரை வண்டியைப் பற்றிய பேச்சே வராது. பிறகு கடிதங்களை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு, ஒரு வரி விடாமல் வாசிப்பார். மடித்துத் திருப்பிக் கொடுத்து, "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு வாங்க, பார்ப்பம்" என்பார். வந்தவர் நெஞ்சு குளிர்ந்து போய்விடுவார். நாளைக்கு வந்தால் மறுபடி அதே கையைப் பிடித்தல், அதே தேத்தண்ணி, அதே நாளைக்கு. சேலில் யாரும் வாடிக்கையாளரிடம் "இல்லை" என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ குமர்களின் கலியாணத்துக்குக் கை கொடுத்தவர். ஆனால் எட்டு மாதம் அலைந்து கடைசியில் அழுதுகொண்டு போனவர்களையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

என் பிழைக்கு வருகிறேன்.

ஒரே நாளில் ஐந்தாறு வண்டிகள் வந்து இறங்கத் தொடங்கியதும், பெரிய கிளாக்கரின் சட்டத்தை நான் மெல்லக் கைவிட்டேன். வண்டி இறங்கிய அன்றே எல்லாவற்றுக்கும் கீழே ஒரேயடியாகப் படுத்து எழும்பி, தடம் எடுத்த தாள்களை உறைகளில் போட்டு வைப்பேன். வாங்குபவர் வரும்போது உறை தயாராக இருக்கும். வேலை சுறுசுறுப்பாக நடந்தது. ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால் என்னைப் புகழ்ந்தார்.

இன்னொன்று, எங்கள் சேலில் வண்டி கையளிப்பது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகுதான். அது ஹாஜியார் வைத்த வழக்கம், சனத்துக்கும் அது பிடித்துப் போயிற்று. பள்ளியிலிருந்து நேரே வருவோம். மௌலவி ஒருவர் துஆ ஓதுவார், பிஸ்கட்டும் சர்பத்தும் கொடுப்போம், சாவியை ஹாஜியார் தன் கையால் கொடுப்பார். எல்லாரும் ஜும்ஆவுக்குப் போன வெள்ளை உடுப்பில் நிற்போம். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு எவன் வண்டிக்குக் கீழே படுப்பான்? நான் படுக்கவில்லை. சாவியில் தொங்கும் நம்பர் எழுதிய துண்டைப் பார்த்து நம்பர் பிளேட்டை மாட்டி முறுக்கிவிடுவேன். இரண்டு வருடம் அப்படி நடந்தது. ஒரு பிழையும் வரவில்லை.

மூன்றாம் வருடம் ஒரே கப்பலில் வந்த இரண்டு வெள்ளை வான்களை ஒரே வெள்ளிக்கிழமை கையளித்தோம். நிறம் ஒன்று, வருடம் ஒன்று, உள்ளே சீட் துணிகூட ஒன்று. முதல் நாள் வண்டி கழுவியபோது இரண்டு சாவிகளின் துண்டுகளும் கழன்று, சாவி மாறிக் கோர்க்கப்பட்டன. நான் துண்டைப் பார்த்துப் பிளேட்டை முறுக்கினேன். ஒரு வான் கண்டக்குழியில் லொட்ஜ் நடத்தும் ஒருவருக்குப் போனது. மற்றது குறிஞ்சிப்பிட்டி ஹபீபா ராத்தாவுக்குப் போனது.

மூத்த பெண்களை நாங்கள் ராத்தா என்போம். ஹபீபா ராத்தா தொண்ணூறில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டியில் வந்து இறங்கியவர். கையில் நாலு மாதப் பிள்ளை, அவ்வளவுதான் கொண்டு வந்தது. கணவர் அடுத்த வருடமே மௌத்தாகிவிட்டார். அடுத்தவர் தோட்டங்களில் வெங்காயம் கிண்டி, கத்தரி ஆய்ந்து மகனை ஆளாக்கினார். அந்த மகன் ரிப்கானுக்காகத்தான் வான். ஊருக்குப் போய்வரும் சனத்தை ஏற்றி இறக்க வேண்டும், பிறகு அந்தச் சனத்தோடு தாங்களும் ஊருக்கே போய்விட வேண்டும் என்பது திட்டம். கையளித்த அன்று அவர் வானைச் சுற்றி மூன்று தரம் நடந்து பார்த்தது எனக்கு ஞாபகம். சர்பத் வேண்டாம் என்றுவிட்டார், நோன்பு நேர்ந்திருந்தாராம்.

மூன்று கிழமை கழித்துப் பாலாவிச் சந்தியில் பொலிஸார் அந்த வானை மறித்தார்கள். அந்தக் காலத்தில் வெள்ளை வான் என்றாலே சனத்துக்கு ஈரல் குலை நடுங்கும். ஆட்களைக் கடத்திக் கொண்டுபோன கதைகள் அப்போதும் ஓயவில்லை, களவு வான்களுக்கு வேறு நம்பர் மாட்டி ஓட்டும் கூட்டமொன்றையும் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சேலில் யாரும் செய்யாத வேலையை ஒரு பொலிஸ்காரர் செய்தார். டோர்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்தார். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசி நம்பர் வேறு, இரும்பில் உள்ளது வேறு. வானையும் ரிப்கானையும் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் நீதவான் அவனை விளக்கமறியல் சிறையில் வைக்கச் சொன்னார்.

அன்று பின்னேரம் ஹபீபா ராத்தா சேலுக்கு வந்தார். இரும்பில் கண்ட நம்பரைப் பொலிஸார் எழுதிக் கொடுத்த துண்டு கையில் இருந்தது. ஹாஜியார் எழுந்து இரண்டு எட்டு முன்னால் வந்தார். வழமையான உபசாரம் எல்லாம் நடந்தது. ராத்தா தேத்தண்ணியைத் தொடவில்லை. துண்டை என்னிடம் தந்து கோப்பைப் பார்க்கச் சொன்னார் ஹாஜியார்.

நான் என் அறைக்குப் போய் உறைகளை எடுத்தேன். துண்டில் இருந்த நம்பரைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் உறையைத் திறந்து பார்த்தேன். அந்த நம்பரை என் கையால் தேய்த்தெடுத்த தாள், ஓர் எழுத்தும் மங்காமல் இருந்தது. கண்டக்குழிக்காரரின் உறைக்குள் இருந்தது. அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஹாஜியாரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். உறைகளை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"நிஸார், இத நீங்களும் நானும்தான் அறிவம். நமக்குள்ளயே இரிக்கட்டும். லீசிங் கம்பனிக்குத் தெரிஞ்சா வாசல்ல இருக்கிற அவங்கட போர்டைக் கழட்டிட்டுப் போயிருவாங்க. அது போனா சேல் போச்சு. பதினாலு குடும்பம். பொலிஸ் கொழும்புப் பதிவுக் கந்தோருக்கு எழுதிக் கேட்டிருக்காங்களாம், பதில் வரட்டும். தானாச் சரிவரும்."

பதினாலு குடும்பத்தில் என் குடும்பமும் ஒன்று. எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இந்த வயதில் யார் வேலை தருவான் என்று பயந்தேன். வேறு சாட்டு ஒன்றும் சொல்ல விரும்பவில்லை, பயம்தான். வெளியே வந்து, கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது ராத்தா, விசாரிக்கிறோம் என்றேன். ஹாஜியார் "நாளைக்கு வாங்க" என்றார்.

அவர் வந்தார். விடிய இரண்டு பஸ் மாறி விளக்கமறியலுக்குப் போய் மகனைப் பார்க்கக் காத்திருப்பார், நடுப்பகல் லுஹர் தொழுகை முடிய சேலுக்கு வருவார். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் உட்காருவார். சண்டை பிடிக்க மாட்டார். யாராவது வண்டி பார்க்க வந்தால் எழுந்து ஓரமாக நிற்பார், போனதும் மறுபடி உட்காருவார். பொம்பிளை ஒருத்தி இப்படி நாள் முழுக்க வாசலில் இருந்தால் யாவாரம் என்னாவது என்று சேலில் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஹாஜியார் ஒருநாளும் அவரைப் போகச் சொல்லவில்லை. தினமும் தேத்தண்ணி போனது, தினமும் ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். ஆனால் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். அது இன்னும் கேவலம், இப்போது யோசித்தால் தெரிகிறது. இந்தச் சேலில் நீங்கள் ஒருவர்தான் மனிசன் தம்பி என்று ஒருநாள் சொன்னார். அன்றிரவு சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். மனைவி கேட்டதற்குப் பல்வலி என்றேன்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ஹாஜியார் ராத்தாவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. வழக்கம்போல மெதுவான குரல். எங்கள் பக்கம் கடிதங்கள் அத்தனையும் சரி, அதில் சந்தேகமில்லை என்று முதலில் சொன்னார். பிறகு சொன்னார்:

"ராத்தா, கோவிக்கப்படாது. பொடியன் யாரோட கூட்டு, ராவையில எங்க போறான் வாறான் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்க. உம்மாமாருக்கு எல்லாம் தெரியிறதில்ல."

நான் எழுந்து போய் என் கதவைச் சாத்தினேன். சாத்தினேன், அவ்வளவுதான் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் பொலிஸாரிடமிருந்து ஆள் வந்தது. வழக்கின் அடுத்த தவணையன்று சேல் சார்பில் ஆவணப் பொறுப்பாளர் கோப்போடு நீதிமன்றத்துக்கு வர வேண்டும். ஹாஜியாரின் சட்டத்தரணி ஒரு கடிதம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். வாகனத்தைக் கையளித்த அன்று, வாங்கியவரின் முன்னிலையில் சேசி நம்பரை நான் நேரில் பரிசோதித்ததாகவும், புத்தகத்தில் உள்ளதோடு அது பொருந்தியிருந்ததாகவும், அதன்பின் நடந்ததற்கு நிலையம் பொறுப்பல்ல என்றும் அதில் இருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம்.

அதன் கருத்து எனக்கு விளங்கும். இங்கே இருந்து போகும்போது சரியாக இருந்தது என்றால், மாற்றியவன் ரிப்கான். கொழும்பிலிருந்து பதில் வந்தாலும் அந்தக் கடிதம் நிற்கும். பிளேட்டைக் கழற்றி மாற்ற யாராலும் முடியும் என்று ஹாஜியார் என் தோளில் கையை வைத்துச் சொன்னார். வாசித்துப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்றேன். அவருடைய சொல்லையே அவருக்குக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

மறுநாள் ராத்தா வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் தண்ணீரைக் கொண்டுபோனேன். கிளாஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேசினார். யாரிடமாவது சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்பதால் சொன்னார், நான் நல்லவன் என்பதால் அல்ல.

"இண்டைக்கு அவனுக்கிட்டக் கேட்டன், தம்பி. மகன், நீ ஏதும் செஞ்சியா, உம்மாக்கிட்ட மறைக்காத எண்டு கேட்டன். கம்பியப் புடிச்சிக்கிட்டு என்னையே பார்த்தான். பொறகு, உம்மா நீங்களுமா எண்டான். திரும்பி உள்ளுக்குப் போயிட்டான். இன்னும் நேரம் இருந்திச்சு, தம்பி. போயிட்டான்."

கிளாஸ் அவர் மடியிலேயே இருந்தது. குடிக்கவில்லை.

நான் உள்ளே போனேன். ஹாஜியார் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார். இழுப்பறைப் பூட்டுக்கு என்னிடம் சாவி இல்லை, அதனால் உறைகள் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று பிரதி எடுப்பேன் என்று சொன்னேனே, காப்புறுதிக்கு எடுத்த பிரதிகளின் நகல்கள் வேறு கோப்பில் கிடந்தன. இரண்டு வான்களுடையதையும் எடுத்து மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். களவெடுத்தேன் என்று சொன்னாலும் சரி. அன்றிரவு முழுக்க அந்தத் தாள்களையும் ஹாஜியாரின் கடிதத்தையும் மாறி மாறி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் பேனையைத் திறந்துகூட விட்டேன். பொய் சொல்லவில்லை, திறந்தேன். பிறகு மூடினேன்.

தவணையன்று நீதிமன்றத்தில் சனம் நிரம்பியிருந்தது. ரிப்கானை இருவர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ராத்தா பின் வரிசையில் இருந்தார், அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஹாஜியாரின் சட்டத்தரணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார், கடிதம் என்னிடம் இருக்கிறது என்று நினைத்தார். என்னைக் கூப்பிட்டார்கள். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அன்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கையளிக்கும்போது சேசி நம்பர் பார்த்தீர்களா என்று நீதவான் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை, வெள்ளை உடுப்பு உடுத்தியிருந்தேன், அழுக்காகிவிடும் என்று படுக்கவில்லை என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. நான் தாள்கள் இரண்டையும் எடுத்துக் கொடுத்து, இந்த வானின் உண்மையான பிளேட் கண்டக்குழியில் ஓடும் வானில் இருக்கிறது, இரண்டையும் மாற்றி மாட்டியது நான்தான், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றேன். மேசையில் அவர் அந்தத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது.

அன்றே பிணை கிடைத்தது. கண்டக்குழி வானைக் கொண்டுவந்து பார்த்தபின் வழக்கும் இல்லாமற் போனது. லீசிங் கம்பனி போர்டைக் கழற்றவில்லை, ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். பதினாலு குடும்பமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் நான் சேலுக்குப் போனபோது ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்தார். இரண்டு எட்டு முன்னால் வந்து என் கையைப் பிடித்தார். பக்கத்தில் இருத்தினார். தேத்தண்ணி சொன்னார். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். மூன்று வருடம் அவரிடம் வேலை செய்த எனக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. பாதித் தேத்தண்ணியில் எழுந்து ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு சிலாபத்தில் ஒரு சேலில் சேர்ந்து, அங்கே ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வண்டிக்கும் வாங்குபவரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் படுத்தேன்.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் நான் நல்ல மனிதன். ஆனால் இன்னொன்று இருக்கிறது.

நீதிமன்ற வாசலில் ராத்தா என்னிடம் வந்தார். ரிப்கான் சற்றுத் தள்ளி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு இது எப்பத் தெரியும், தம்பி?"

"நேத்துத்தான் ராத்தா. பழைய கோப்பைத் தேடும்போது கண்டன்" என்றேன்.

நீதவான் முன்னால் உண்மை சொல்லி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அது என் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ராத்தா என் தலையில் கையை வைத்து துஆ செய்தார். "நீங்களும் அறியல்ல, நானும் அறியல்ல. அறியாமத்தான் நான் பெத்த புள்ளையில சந்தேகப்பட்டுட்டன். அல்லாஹ் மன்னிப்பான்" என்றார்.

அதன்பிறகு வருடா வருடம் நோன்புப் பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து எனக்குச் சாப்பாடு வரும். சொந்தக்காரர்கள் முன்னால், என் மகனை மீட்டுத் தந்தவர் இவர்தான் என்பார். ரிப்கானுக்கும் அவருக்கும் இடையில் பழைய பேச்சு முழுதாகத் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் கலியாணம் முடித்து, பிள்ளைகள் கண்டு, அதே வீட்டில்தான் இருக்கிறான். உம்மாவுக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. ஆனால் எங்கே போகிறாய் என்று அவர் கேட்டால் மட்டும் பதில் சொல்ல மாட்டான். இதை அவரே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டியிருக்கிறேன்.

மேலே உள்ளதை எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. தாள்களைச் சுருட்டிக்கொண்டு குறிஞ்சிப்பிட்டிக்குப் போனேன். ராத்தாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். ஒன்று வாசித்துக் காட்ட வந்தேன் என்றேன். முதலாம் நாளே எனக்குத் தெரியும் என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாசித்தேன். ஹாஜியார் கதிரையை இழுத்துப் போட்டதையும், நான் கதவைச் சாத்தியதையும், நீதிமன்ற வாசலில் சொன்ன பொய்யையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

வாசித்து முடித்தேன். தஸ்பீஹ் மணி அவர் விரலில் ஓடியது. ஏசுவார் என்று இருந்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே உள்ளே குரல் கொடுத்தார்.

"ரிப்கான், இஞ்ச வாங்க மகன். இவர் ஒரு கடிதம் கொண்டுவந்திருக்கார். அது எனக்கில்ல, உங்களுக்கு."

ரிப்கான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். உம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ராத்தா பக்கத்துக் கதிரையைக் கையால் தடவிக் காட்டினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் தாள்களை அடுக்கி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினேன்.